மூன்றாவது கட்டத்தில் போட்ட சைபர்

“...அதுக்காக மார்க்கு போவுதுன்னா போவட்டும் மிஸ். மொதல்ல நான் பேச மாட்டேன். அவ்வளவுதான்.”

சொன்னவள் கௌசல்யா. ஒன்பதாம் வகுப்பு. நான் அவள் காதோரம் குனிந்து ரகசியமாகத்தான் கேட்டேன். அவள் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லிவிட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே பாதிப் பள்ளிக்கூடம் நின்றது. உள்ளே நாங்கள் நான்கு பேர். மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு, மாவட்டத்திலிருந்து வந்திருந்த பிரவீன். கரும்பலகைக்குப் பக்கத்தில், விரலில் ஒட்டிய சாக்பீஸ் தூளை ஊதிக்கொண்டு சந்தியா. அவள் கௌசல்யாவின் பெரியப்பா மகள், அதே வகுப்பு. அவளுக்கும் கௌசல்யாவுக்கும் நடுவில் நான்.

அறை முழுக்க நாற்காலிகள் தாறுமாறாகக் கிடந்தன. தூர மூலையில், சத்துணவுக் கூடத்தில் இரவல் வாங்கிய எவர்சில்வர் வாளி ஒன்று.

“ஒரே ஒரு வார்த்தைம்மா. ‘திரும்பு’ன்னு அவகிட்ட சொல்லு, போதும்” என்றுதான் கேட்டிருந்தேன். அதற்குத்தான் அந்தப் பதில்.

இதைப் பரீட்சை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். பேப்பரும் இல்லை, பேனாவும் இல்லை. நாற்காலியும் வாளியும் வைத்து என்ன பரீட்சை என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரரும் அதைத்தான் கேட்டார். கொஞ்சம் பின்னால் போய் வந்தால்தான் விளங்கும்.

நான் மிஸ் ஆன விதம்

ஜெராக்ஸ் கடையைப் பற்றி முன்பு எழுதியதைப் படித்துவிட்டு, “அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போனீர்கள்?” என்று ஒருவர் கேட்டிருந்தார். நடந்துதான் போனேன் ஐயா. வேறு வழி இல்லை.

பெரம்பலூரில் கலெக்டர் ஆபீஸ் போகிற வழியில், மனு தட்டச்சு செய்து கொடுக்கிற கடையில் இருந்தேன். கம்ப்யூட்டரை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எந்தப் பட்டனை அமுக்கினால் என்ன ஆகிறது என்று ஒரு நோட்டில் எழுதி எழுதிக் கற்றுக்கொண்டதுதான். அந்த நோட்டின் பின்பக்கத்தில் இன்னொன்றும் எழுதுவேன். கடைக்கு வருகிறவர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிற பேச்சு. முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் சீக்கிரம் நிரம்பியது.

வாலிகண்டபுரத்திலிருந்து ஒருத்தர் மனு எழுத வந்தார். அவர் தாத்தா காலத்தில் ஆரம்பித்தார். யார் யாருக்கு எத்தனை பிள்ளை, எந்த வேலி எப்போது நட்டது, எல்லாம் வந்தது. அரை மணி நேரம் கழித்து, “உங்களுக்கு இப்ப என்னதாங்க வேணும்?” என்றேன். “வயலுக்குப் போக வழி வேணும்” என்றார். “அதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே?” என்றேன். “மொதல்லயே சொல்லிட்டா நீ மிச்சத்தைக் கேக்க மாட்டியேம்மா” என்றார்.

இன்னொரு அம்மா, வாரிசு சான்றிதழுக்கு வந்தவர். எழுதியதைப் படித்துக் காட்டி, “புரியுதா?” என்று கேட்டேன். “எனக்கு எதுக்குப் புரியணும்? எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. படிக்கிறவங்களுக்குப் புரியுற மாதிரி எழுது” என்றார். இதை நான் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். பின்னால் பயிற்சி வகுப்பில் இரண்டு நாள் உட்காரவைத்துச் சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான்.

அந்தக் கடையை ஒரேயடியாக மூடிவிட்ட பிறகு, அரியலூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கப் பகுதிநேரமாக ஆள் வேண்டும் என்றார்கள். விக்கிரமங்கலத்துக்குச் சற்று முன்னால் இறங்க வேண்டும். முதல் நாள் நான் செய்த வேலை, கம்ப்யூட்டர்களை மூடியிருந்த கறுப்புத் துணியை உதறியது. அந்த ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி போய்க்கொண்டே இருக்கும். உதறிய துணியை மறுபடி மூடுவதற்குள் கீபோர்டில் விரல் தடம் பதிகிற அளவுக்குப் புழுதி படிந்துவிட்டது.

நான்கு கட்டங்கள்

கணினிச் சிந்தனை என்று ஒரு புதுப் பாடம் வந்தது. கம்ப்யூட்டரே இல்லாமல்கூடச் சொல்லிக்கொடுக்கலாம் என்றார்கள். ஒரு பெரிய வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரிப்பது, அதை வரிசைப்படுத்துவது, அடுத்தவர் தப்பாகப் புரிந்துகொள்ள இடம் இல்லாமல் சொல்வது, தவறு வந்தால் எந்த இடத்தில் வந்தது என்று கண்டுபிடித்துத் திருத்துவது. இவ்வளவுதான் அதன் சாரம்.

பெரம்பலூரில் நடந்த பயிற்சியில், டீ போடுவதைப் படிப்படியாக எழுதச் சொன்னார் பயிற்சியாளர். என் பக்கத்தில் இருந்த டீச்சர் எழுந்தார். “அடுப்பு பத்த வச்ச பொறவு பால் திரிஞ்சு போச்சுன்னா என்ன பண்றதுங்க?”

“அது நாளைக்கு மேடம்.”

“நாளைக்கு வரைக்கும் அடுப்பு எரியட்டுங்களா?”

அன்றைக்கு அந்த அறையே சிரித்தது. பயிற்சியாளரும் சிரித்துவிட்டார். ஆனால் பாடத்தின் உயிரே அந்த டீச்சர் கேட்ட கேள்வியில்தான் இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

சொல்லிக்கொடுப்பது பிடித்தது. மார்க்குப் போடுவதுதான் பிடிபடவில்லை. கணக்கு என்றால் விடை சரியா தப்பா என்று பார்த்துவிடலாம். யோசிக்கிறதற்கு எப்படி மார்க்குப் போடுவது? அதற்கு ஒரு தாள் கொடுத்தார்கள். நான்கு கட்டம். ஒவ்வொன்றிலும் சைபரிலிருந்து மூன்று வரை போடலாம். பிரித்தல், வரிசை, மூன்றாவது ‘எதிரில் இருப்பவருக்குத் தெளிவான கட்டளை தருதல்’, நான்காவது பிழை திருத்தல். பிள்ளைகள் செய்வதை போனில் வீடியோ எடுத்து, மார்க்கோடு சேர்த்து அனுப்ப வேண்டும்.

நான்கு கட்டத்திலும் இரண்டுக்குக் குறையாமல் வாங்குகிறவர்களுக்குத் திருச்சியில் ஒரு கல்லூரியில் பத்து நாள் கோடை முகாம்.

அந்த முகாம் மற்றவர்களுக்கு ஒரு சுற்றுலா. கௌசல்யாவுக்கு அப்படி இல்லை. பத்தாவது முடித்ததும் அரியலூர் டவுனில் சேர்ந்து கம்ப்யூட்டர் குரூப் எடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அவள் அம்மா செல்வி, பருத்தி எடுக்கப் போகிறவர். பேச்சில் நெளிவு சுளிவு கிடையாது. ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“டெய்லி பஸ் ஏறிப் போயி படிக்கிறேங்குது மிஸ். ஆசைப்பட்டா ஆயிருமா? அது தலையில அந்தப் படிப்பு ஏறுமா, ஏறாதா? எனக்கு எப்புடித் தெரியும்? அந்த கேம்ப்புக்கு எடுத்தாங்கன்னா, சரி, ஏறும்னு வச்சுக்கிறேன். கட்டாயம் அனுப்புறேன். எடுக்கலன்னா அந்தப் பேச்ச வுட்டுடணும். அதுகிட்டயும் சொல்லிட்டேன்.”

அந்த நான்கு கட்டத்தில் நான் போடப் போகிற எண்ணில் ஒரு பெண்ணின் படிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. பயமாகத்தான் இருந்தது. நான் எந்தப் பட்டமும் வாங்கியவள் இல்லை.

வாளிக்குப் போகும் வழி

தேர்வு இப்படித்தான். இரண்டிரண்டு பேராகச் சேர வேண்டும். ஒருத்தர் இயந்திரம். பழைய கம்ப்யூட்டர் துணியைக் கிழித்துக் கண்ணைக் கட்டி, கதவுப் பக்க மூலையில் நிறுத்திவிடுவோம். இன்னொருத்தர் வழி சொல்ல வேண்டும். நாற்காலிகளில் மோதிக் கவிழ்க்காமல் எதிர் மூலையில் உள்ள வாளியைத் தொட வேண்டும். இயந்திரம் சொன்னதை மட்டும்தான் செய்யும். வாயைத் திறக்கக் கூடாது.

முதலில் மணிகண்டன் வந்தான். “முன்னாடி மூணு அடி” என்றான். அவனுடைய இயந்திரம் வகுப்பிலேயே உயரமான பையன். மூன்றடியில் நாற்காலியோடு சுவருக்கே போய்விட்டான்.

“டேய் ஒட்டகம்! சின்ன அடியா வையிடா!”

“அளவு சொன்னியாடா நீயி?”

“இயந்திரம் பேசக் கூடாதுடா!”

“வலிச்சா இயந்திரமும் பேசும்டா!”

இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஜோடியைச் சீட்டுப் போட்டுத்தான் எடுத்தேன். டிபன் பாக்ஸ் மூடியில் சீட்டுகளைக் குலுக்கி எடுத்தபோது, கௌசல்யா, சந்தியா என்று வந்தது. வகுப்பு முழுக்க “ஓஓ...” என்று ஒரு சத்தம். ஏன் என்று எனக்குத் தெரியாது. நான் வெளியூர்க்காரி.

சந்தியா கண்ணைக் கட்டிக்கொண்டு மூலையில் நின்றாள். கௌசல்யா என்ன செய்தாள் தெரியுமா? அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கரும்பலகையிடம் பேசினாள்.

“யாராச்சும் ஒருத்தர் நடந்து போறாங்கன்னு வச்சுக்கலாம். ஏதாச்சும் தட்டுற வரைக்கும் நேராப் போவலாம். தட்டுச்சுன்னா சோத்தாங்கைப் பக்கம் திரும்பிக்கணும். மறுபடி தட்டுச்சுன்னா பீச்சாங்கைப் பக்கம். அதுக்கடுத்தது சோத்தாங்கை. இப்புடியே மாத்தி மாத்தி. வாளி சத்தம் கேட்டா நின்னுடலாம்.”

சொல்லிவிட்டு பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னம்மா இது? சந்தியாகிட்ட சொல்லு” என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். “அவளுக்கு ஒவ்வொண்ணா சொல்லணும்” என்றேன். அதற்கும் தலையாட்டல்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேண்டா வெறுப்பாகச் செய்கிறாள், திமிர் என்று நினைத்தேன். இதற்குள் சந்தியா தானாகவே நடக்க ஆரம்பித்துவிட்டாள். போனை ஸ்டாண்டில் அப்படியே விட்டுவிட்டு நான் தாளை எடுத்தேன். பிரித்தலுக்கு மூன்று, வரிசைக்கு மூன்று, பிழை திருத்தலுக்கு இரண்டு. மூன்றாவது கட்டத்தில் சைபர். கொஞ்சம் அழுத்தியே போட்டேன்.

நான் சைபர் போட்டு முடிக்கும்போது வாளி ‘டங்’ என்றது. அது என் காதில் விழுந்தது. மண்டையில் விழவில்லை.

கம்பத்துக்குப் பின்னால் போன முகம்

மறுநாள் காலை செல்வி வந்துவிட்டார். தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்கவில்லை. நேராக வயலுக்குப் போகிற வழி.

“சைபராமே மிஸ்? அப்ப தலையில இல்லங்கறீங்களா?”

“தலையில இருக்குங்க. வாயிலதான் இல்ல. கூட நிக்கிற பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேங்குறா.”

“யாரு கூட நின்னது?”

சொன்னேன். செல்வி நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு சிரிக்கவும் செய்தார்.

“அவங்க வூட்டோட எங்களுக்குப் பேச்சு இல்லைங்க மிஸ்.”

சந்தியாவின் அப்பா அண்ணன், செல்வியின் வீட்டுக்காரர் தம்பி. இரண்டு வீடும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. நடுவில் ஒரே சுவர். சில வருஷத்துக்கு முன்னால் கௌசல்யாவின் தம்பிக்குக் காதுகுத்து. ரோட்டோரம் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். சொந்தக்காரர்கள் எல்லார் படமும் போட்டு, அண்ணன் படத்தை ஓரத்தில் பெரிதாகவே போட்டிருந்தார்களாம். கட்டுகிறபோது இடம் பற்றவில்லை. ஓரத்தை மடித்துக் கம்பத்தைச் சுற்றிக் கட்டிவிட்டார்கள். அண்ணன் மாலை மரியாதையோடு வந்து நிமிர்ந்து பார்த்தால், ஃப்ளெக்ஸில் ஊரெல்லாம் சிரித்துக்கொண்டிருக்கிறது, அவர் முகம் மட்டும் கம்பத்துக்குப் பின்னால்.

“வேணும்னே மடிச்சுட்டாங்கன்னு அவரு சொல்லிட்டாருங்க. சாப்புடாம போயிட்டாரு. அதுலேர்ந்து இந்தப் பக்கம் பேச்சு கெடையாது. எங்க வூட்டுக்காரரு சொல்றது, அவங்க மொதல்ல பேசட்டும், நாம பேசிருவோம். அவங்க வூட்லயும் அதேதான் சொல்றாங்களாம். செவுத்துக்கு அந்தப் பக்கம் அவங்க குழம்பு தாளிக்கிற வாசனையில எங்க சோறு எறங்குது. ஆனா பேச்சு இல்ல.”

பேச்சு இல்லாதவர்கள் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் அம்மாவும் சித்தியும் பல வருஷம் அப்படித்தான் இருந்தார்கள். ஒரே குழாய், இரண்டு குடும்பம். தண்ணீர் வந்தால் அம்மா எங்கள் கன்றுக்குட்டியைப் பார்த்துச் சொல்வார்: “தண்ணி வந்துருச்சு. வேணுங்கறவங்க வந்து புடிச்சுக்கட்டும்.” சித்தி அங்கிருந்து ஆட்டுக்குட்டியிடம் பதில் சொல்வார்: “மொதல்ல வந்தவங்க புடிச்சு முடிக்கட்டும், மத்தவங்க அப்பறம் வருவாங்க.” பெயர் கிடையாது. ‘நீ’ கிடையாது. ‘வேணுங்கறவங்க’, ‘வந்தவங்க’, ‘மத்தவங்க’. அந்தக் குழாயில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. பேசிக்கொண்டிருந்த காலத்தில் தினமும் சண்டை.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள்தான் நான். கௌசல்யா கரும்பலகையிடம் பேசியபோது எனக்கு அது தெரியவில்லை பாருங்கள். பாவாடை கட்டின வயசில் புரிந்திருக்கும். கையில் மார்க்குத் தாள் இருந்தால் சில விஷயங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

லாரிக்குப் பின்னால் நின்ற பஸ்

அன்று சாயங்காலம் அரியலூர் பஸ் லாரி வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. முன்னால் தார்ப்பாய் போட்ட லாரிகள், நகரவே இல்லை. ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனில் அந்த வீடியோவைப் போட்டேன்.

சந்தியா கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிறாள். முதல் நாற்காலி முழங்காலில் தட்டுகிறது. வலது பக்கம் திரும்புகிறாள். அடுத்தது தட்டுகிறது. இடது பக்கம். அப்போது கதவு வழியாக ஆபீஸிலிருந்து ஆள் வருகிறார். யாரோ விருந்தாளி வந்திருக்க வேண்டும். சந்தியா அடுத்து மோத வேண்டிய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். நானோ அந்த நேரத்தில் குனிந்து சைபர் போட்டுக்கொண்டிருக்கிறேன். வீடியோவில் என் உச்சந்தலை தெரிகிறது.

மணிகண்டன் மாதிரி “மூணு அடி, ரெண்டு அடி” என்று எண்ணிச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நாற்காலி இருந்த அறைக்குச் சொன்ன வழி, நாற்காலி போன அறைக்கு உதவாது. சந்தியா நாற்காலி இருந்த இடத்தைத் தாண்டி, சுவர்வரை நேராகப் போகிறாள். சுவர் தட்டுகிறது. வலது பக்கம் திரும்புகிறாள். ‘டங்’.

மூன்று முறை போட்டுப் பார்த்தேன். கௌசல்யா ஒருத்தியிடம் சொல்லப் பிடிக்காமல், யாருக்கும் பொருந்துகிற மாதிரி சொல்லியிருக்கிறாள். ‘நீ’ என்று சொல்ல முடியாததால் ‘யாராச்சும்’ என்றாள். ‘திரும்பு’ என்று ஏவ முடியாததால் ‘தட்டுச்சுன்னா’ என்றாள். பயிற்சியில் இரண்டு நாள் எங்களுக்கு ஊட்டப் பார்த்தது இதுதான். யார் நடந்தாலும், எந்த நாற்காலியை யார் தூக்கிக்கொண்டு போனாலும் கெடாத வழி.

பக்கத்து சீட்டில் இருந்த அம்மா, “என்னம்மா, பரீட்சைல பிட் அடிச்ச வீடியோவா?” என்றார். “ஆமாங்க, மிஸ்ஸு மாட்டிக்கிட்டாங்க” என்றேன்.

பஸ் நகர்வதற்குள் பிரவீனுக்குப் போன் செய்தேன். இந்தத் தேர்வை எங்கள் மாவட்டத்தில் பார்த்துக்கொள்கிறவர். இன்ஜினியரிங் முடித்த பையன், பெரம்பலூர்ப் பக்கம், என்னை ‘அக்கா’ என்பார். வீடியோவைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

“சூப்பரா யோசிச்சிருக்கு அக்கா. நான் காலேஜ்ல செகண்ட் இயர்ல படிச்சது இது. ஆனா ஒரு சிக்கல்.”

“என்ன?”

“கட்டத்துல ‘எதிரில் இருப்பவருக்கு’ன்னு இருக்கு. இந்தப் பொண்ணு எதிர்ல இருக்குறவள திரும்பியே பாக்கலையே. நான் எப்படிக்கா மாத்துறது? இத மாத்துனா மத்த ஸ்கூல்ல எல்லாம் கேப்பாங்க.”

“தம்பி, அந்தக் கட்டம்தான் தப்பு.”

“பாதி தப்புன்னு வேணா சொல்லுங்க. கேம்ப்ல பத்துப் பேரோட உக்காந்து வேலை செய்யணும். வாயே திறக்க மாட்டேன்னா? அதையும் பாக்கணும் இல்ல?”

எனக்குக் கோபம்தான். ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் இறங்கி வந்தார். வியாழக்கிழமை நேரில் வருவார். அதே ஜோடி, மாற்றக் கூடாது. இந்த முறை இரண்டு பேரும் இரண்டு வேலையும் செய்ய வேண்டும். ஒருமுறை வழி சொல்ல வேண்டும், ஒருமுறை கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். கௌசல்யா எதிரில் இருப்பவளிடம் பேசி வழி சொன்னால் மூன்றாவது கட்டத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

“யாரு மொதல்லங்கறத நீங்களே பாத்துக்குங்க அக்கா” என்று சொல்லி வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை

புதன்கிழமை முழுக்க எனக்கு நிலைகொள்ளவில்லை. ஒரு மார்க்குக்காக, வீட்டில் காத்துவரும் ஒரு வைராக்கியத்தை முறி என்று பிள்ளையிடம் கேட்கலாமா? கேட்காமல் விட்டால் அவள் படிப்பு போகிறது. கேட்டால், அவள் அப்பாவிடம் போய் என்ன சொல்வாள்? இதற்கு எந்தக் கட்டத்தில் மார்க்குப் போடுவது?

இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். சந்தியா நகத்தைக் கடித்துக்கொண்டு, “அவங்க பேசுனா நான் பேசுவேன் மிஸ்” என்றாள். கௌசல்யா, “எனக்கு அந்த கேம்ப்புக்குப் போவணும் மிஸ்” என்று மட்டும் சொன்னாள்.

“அப்ப பேசிடு.”

“எங்கப்பா கிட்ட யாராச்சும் வந்து, ‘ஒம் பொண்ணு மார்க்குக்காக மொதல்ல எறங்கிட்டா’ன்னு சொல்லுவாங்க மிஸ். அவரு எந்தப் பக்கம் திரும்பி நிப்பாரு?”

“சரி, வகுப்புக்குப் போம்மா” என்றேன்.

வியாழக்கிழமை பிரவீன் வந்தார். ஜன்னலில் கூட்டம் சேர்ந்தது. நாற்காலிகளை அவரே இஷ்டத்துக்கு இழுத்துப் போட்டார். கௌசல்யாவுக்காகத்தானே இந்த ஏற்பாடு என்று, அவள்தான் முதலில் வழி சொல்வது என்று நான் முடிவு செய்திருந்தேன். யாரையும் கேட்கவில்லை. துணியை மேஜை மேல் வைத்தேன். சந்தியாவை அதை எடுக்கச் சொல்வதற்கு முன்னால் ஒருமுறை, கடைசியாக, கௌசல்யாவின் காதோரம் குனிந்தேன்.

ஒரே ஒரு வார்த்தைம்மா என்றேன்.

மார்க்கு போனால் போகட்டும், மொதல்ல நான் பேச மாட்டேன் என்றாள்.

ஜன்னலில் சலசலப்பு. பிரவீன் டேப்லெட்டில் எதையோ தேய்த்தார். மூன்றாவது கட்டத்துக்குத்தான் போயிருப்பார். சந்தியா சாக்பீஸ் தூள் போன பிறகும் விரலை ஊதிக்கொண்டிருந்தாள்.

கௌசல்யா மேஜைக்கு வந்தாள். நான் சந்தியாவுக்காக வைத்திருந்த கறுப்புத் துணியை எடுத்தாள். இரண்டு தரம் உதறினாள். கதவுப் பக்க மூலைக்குப் போய், தன் கண்ணைத் தானே கட்டிக்கொண்டாள். கைகளை இரண்டு பக்கமும் விறைப்பாக வைத்துக்கொண்டு, இயந்திரம் மாதிரி நின்றாள்.

“என்னக்கா இது? அந்தப் பொண்ணுதான மொதல்ல வழி சொல்லணும்?” என்றார் பிரவீன்.

“யாரு மொதல்லங்கறத நீங்கதான தம்பி எங்ககிட்ட வுட்டீங்க?” என்றேன்.

பிரவீன் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். டேப்லெட்டைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

வெளியே ஒரு லாரி போயிற்று. ஜன்னல் கம்பி கொஞ்ச நேரம் அதிர்ந்து நின்றது. சந்தியா என்னைப் பார்த்தாள். நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். அவள் கரும்பலகையைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். கண்ணைக் கட்டி நிற்கிறவளை விட்டால் வேறு யாரிடமும் சொல்ல வழியில்லை. மூலையில் நின்றவளின் கால் விரல்கள் மட்டும் தரையை அழுத்திக்கொண்டிருந்தன.

“நேராப் போ” என்றாள் சந்தியா. கனைத்துக்கொண்டாள். “தட்டுற வரைக்கும் போ... துணிய எறக்கி வுடுடி. கீழ பாக்குற, எனக்குத் தெரியுது.”

கௌசல்யா துணியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, முதல் அடியை எடுத்து வைத்தாள்.